கைகளிடம் கடன் வாங்கி இதயத்தைக் காக்கும் மருந்து: லிப்போசோமல் டாக்சோரூபிசின் குறித்த மதிப்புரை

தென்மாவட்டம் ஒன்றில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையில், காலையில் வந்து கீமோ ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் நோயாளிகளுக்கான பிரிவில், மருந்து கலக்கும் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். எங்கள் குளிர்பெட்டியில் உள்ள மருந்துகளில், மக்கள் மிகுந்த நம்பிக்கையோடும் மிகத் தவறான புரிதலோடும் கேட்டு வருவது லிப்போசோமல் டாக்சோரூபிசின்தான். "நானோ மருந்தாமே, நேரா கட்டிக்கு மட்டும் போய் வேலை செய்யுமாமே சார்?" என்று உறவினர்கள் மருந்துச் சாளரத்தின் முன் நின்று கேட்கும்போது, ஆம் என்றாலும் தவறாகிவிடும், இல்லை என்றாலும் தவறாகிவிடும். வரிசை நீண்டிருக்கும் வேளையில் சொல்லி முடிக்க இயலாத அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கண்ணாடிக் குப்பியில் 10 மில்லிலிட்டர் திரவம். அதில் 20 மில்லிகிராம் டாக்சோரூபிசின். சாதாரண டாக்சோரூபிசின் கரைசலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மாதுளைச் சாறு போலத் தெளிவாக ஒளி ஊடுருவும். இந்தக் குப்பியைப் பிடித்தால் சிவப்பின் மீது மெல்லிய பால் மூடியது போன்ற மங்கல் தெரியும். மருந்து நீரில் நேரடியாகக் கரைந்திருக்கவில்லை. லிப்போசோம் எனப்படும் கோடிக்கணக்கான நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைபட்டு மிதக்கிறது என்பதற்கு அந்த மங்கலே சான்று. ஒவ்வொரு குமிழியும் ஏறத்தாழ 80 முதல் 100 நானோமீட்டர் அளவுடையது. எழுபது எண்பது குமிழிகளை ஒரே வரிசையில் அடுக்கினால்தான் ஒரு சிவப்பணுவின் அகலம் வரும். குமிழியின் சுவர், சோயாவிலிருந்து பெறப்பட்டு ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட பாஸ்போலிப்பிடும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தது. அதன் வெளிப்புறத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளின் இழைகள் புல் முளைத்தாற்போல நிற்கின்றன. இந்தப் புல்போர்வை இல்லையென்றால், கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் குமிழிகளை அந்நியப் பொருளென்று கண்டு விரைவிலேயே அள்ளிக்கொண்டுவிடும்.

மருந்தைக் குமிழிக்குள் ஏற்றிய முறைதான் இந்தத் தயாரிப்பில் நான் மிகவும் வியக்கும் பகுதி. குமிழிகளை முதலில் அம்மோனியம் சல்பேட் கரைசலை வயிற்றில் அடக்கியவாறு உருவாக்கிவிட்டு, வெளியில் உள்ள அம்மோனியம் சல்பேட்டை நீக்கிவிடுகிறார்கள். உள்ளிருந்து அம்மோனியா கசிந்து வெளியேற, அது விட்டுச்செல்லும் அமிலத்தன்மை டாக்சோரூபிசினை உள்ளே இழுக்கிறது. உள்ளே வந்த மருந்து சல்பேட்டுடன் சேர்ந்து உப்பாகிப் படிகம் போல இறுகிவிடுவதால் எளிதில் திரும்பி வர முடிவதில்லை. உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் ஒவ்வொரு குமிழியும் நடுவே கோடு விழுந்த காப்பிக்கொட்டை போலத் தோன்றும். அந்தக் கோடுதான் இறுகிய மருந்து. ஒரே குமிழிக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு மருந்தை ஏன் சிறை வைக்க வேண்டும்? டாக்சோரூபிசின் புற்றணுக்களை அழிப்பதில் தேர்ந்த மருந்து. இத்தாலியில் காஸ்டெல் டெல் மான்டே கோட்டைக்கு அருகிலிருந்து எடுத்த மண்ணில் கண்ட நுண்ணுயிர் ஒன்றிலிருந்து தொடங்கிய ஆய்வின் வழியே அது பிறந்தது. ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் வழங்கியது. ஆனால் அது இதயத் தசையையும் தாக்கும். அந்தப் பாதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். வாழ்நாளில் ஒருவர் பெற்ற மொத்த அளவு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் என்ற எல்லையை நெருங்கும்போது, கட்டி கரைந்துகொண்டிருந்தாலும் மருத்துவர்கள் நிறுத்திவிட வேண்டியிருக்கும். கட்டி கேட்கும் மருந்தை இதயம் தாங்காது என்ற அந்த இக்கட்டுக்குத்தான் லிப்போசோம் விடையாக வந்தது.

லிப்போசோமை 1960களில் இங்கிலாந்தில் ஆலெக் பேங்கம் கண்டறிந்தார். அதை இந்த மருந்தாக வளர்த்தெடுத்ததில் ஜெருசலேமைச் சேர்ந்த யெகெஸ்கேல் பேரன்ஹோல்ஸ், ஆல்பெர்ட்டோ கபிசோன் ஆகியோரின் பங்கும், கலிஃபோர்னியாவின் லிப்போசோம் டெக்னாலஜி நிறுவனத்தின் பங்கும் பெரியவை. 1995 நவம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்க்காக இதை டாக்சில் என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் நானோ மருந்து என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1999இல் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 2007இல் போர்ட்டிசோமிப் என்ற மருந்துடன் சேர்த்து, மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் ஒப்புதல் விரிந்தது. ஐரோப்பாவில் இதற்குக் கேலிக்ஸ் என்று பெயர்.

இனி, உறவினர்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். விளம்பரத் தாள்கள் பலவற்றில் "இலக்கு நோக்கிய சிகிச்சை" என்ற சொல்லைக் காண்கிறேன். இந்தக் குமிழிக்குக் கண்ணும் இல்லை, முகவரியும் தெரியாது. இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். புற்றுக்கட்டி அவசர அவசரமாக வளர்த்துக்கொள்ளும் இரத்தக்குழாய்கள் செம்மையாகக் கட்டப்படாதவை. அவற்றின் சுவரில் இடைவெளிகள் அகன்றிருக்கும். கட்டியில் நிணநீர் வடிகாலும் சரியாக இருப்பதில்லை. எனவே நெடுநேரம் சுற்றும் நுண்துகள் அந்த இடைவெளி வழியே கசிந்து கட்டிக்குள் தேங்கும் என்பது கோட்பாடு. 1986இல் ஜப்பானைச் சேர்ந்த மட்சுமுராவும் மயேதாவும் இதை முன்வைத்தனர். அதனால்தான் சுற்றும் காலம் இவ்வளவு முக்கியமாகிறது. சாதாரண டாக்சோரூபிசின் ஏற்றிய சில நிமிடங்களிலேயே இரத்தத்தை விட்டு உடலெங்கும் பரவிவிடும். குமிழிக்குள் இருப்பதோ பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 55 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, அதுவரை பெரும்பாலும் இரத்தத்திலேயே இருக்கிறது. இதயத் தசையின் இரத்தக்குழாய்ச் சுவரோ நெருக்கமாக வேயப்பட்டது. குமிழி அதற்குள் நுழைய முடியாமல் கடந்துபோகிறது.

கோட்பாடு அழகாக இருக்கிறது. ஆனால் மனித உடலில் அப்படித்தான் நடக்கிறதா என்று கண்ணால் பார்த்தவர்கள் உண்டா? இந்த மருந்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் பகுதி இது. எனக்கோ இதுவே உயிரான பகுதியாகத் தோன்றுகிறது. லண்டனில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், இதே வகைப் புல்போர்வை கொண்ட லிப்போசோமில் டாக்சோரூபிசினுக்குப் பதிலாக இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து, முற்றிய கட்டியுடைய 17 நோயாளிகளுக்கு ஏற்றி, காமா கேமராவால் படமெடுத்தார்கள். 15 பேரின் கட்டிகள் படத்தில் ஒளிர்ந்தன. குமிழிகள் கட்டிக்குச் செல்கின்றன என்பது அன்று கண்கூடாயிற்று. ஆனால் எவ்வளவு என்று கணக்கிட்டபோது, 72 மணி நேரம் கழித்துக் கட்டியில் இருந்தது ஏற்றியதில் ஏறத்தாழ 0.5 முதல் 3.5 விழுக்காடு மட்டுமே. கல்லீரலும் மண்ணீரலும் கணிசமான பங்கைப் பிடித்துக்கொண்டன. தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகள் நிறைய உள்வாங்கின. அதே எடையுள்ள மார்பகக் கட்டி அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் உள்வாங்கியது.

அதற்குப் பின் இன்னும் கூர்மையான சான்று வந்தது. மார்பகப் புற்றணுவின் மேலுள்ள ஹெர்2 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் துண்டுகளைக் குமிழியின் மீது பொருத்தி, எம்எம்-302 என்ற லிப்போசோமை உருவாக்கினார்கள். இதற்கு உண்மையிலேயே முகவரி தெரியும் என்று சொல்லலாம். அதில் தாமிரம்-64 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, நோய் பரவிய நிலையில் இருந்த 19 பெண்களுக்குப் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, கட்டிக்குக் கட்டி உள்வாங்கிய அளவு முப்பது மடங்குக்கும் மேல் வேறுபட்டது. மூளைக்கும் எலும்புக்கும் பரவிய கட்டிகளிலும் அது தெரிந்தது. நிறைய உள்வாங்கிய கட்டிகளை உடையவர்களுக்கு நோய் கட்டுப்பட்டிருந்த காலமும் கூடுதலாக இருந்தது. ஆயினும், இந்த மருந்தை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில், ஸ்கேன் பார்த்து ஆள் தேர்ந்தெடுக்கப்படாத நிலையில், கூடுதல் பயன் தெரிய வாய்ப்பில்லை என்று 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள். முகவரி தெரிவதைவிட, வாசல் திறந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன். யாருடைய கட்டியில் வாசல் திறந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே காட்ட ஒரு படமெடுக்கும் முறை இருக்கிறது, அது நோயாளிகளிடம் செய்தும் காட்டப்பட்டுவிட்டது. இருந்தும், எங்கள் பிரிவுக்கு வரும் எந்த நோயாளிக்கும் இந்த மருந்தைத் தொடங்கும் முன் அப்படியொரு படம் எடுக்கப்படுவதில்லை. இந்தத் தயாரிப்பின் மீது எனக்குள்ள பெருங்குறை இதுதான்.

அப்படியென்றால் இதனால் பயன் இல்லையா? நிச்சயம் உண்டு, ஆனால் அது விளம்பரம் சுட்டும் இடத்தில் இல்லை. 2004இல் வெளியான ஒப்பீட்டாய்வில், நோய் பரவிய மார்பகப் புற்றுநோயுடைய 509 பெண்களில் ஒரு பாதியினருக்குக் குமிழி மருந்தும் மறுபாதியினருக்குச் சாதாரண டாக்சோரூபிசினும் கொடுக்கப்பட்டன. நோய் முற்றாமல் இருந்த காலம் முறையே 6.9 மாதமும் 7.8 மாதமும், உயிரோடிருந்த காலம் 21 மாதமும் 22 மாதமும். புற்றை அடக்குவதில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தரம் என்றே கொள்ள வேண்டும். இதயப் பாதிப்போ, குமிழி மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கு, சாதாரண மருந்து பெற்றவர்களில் 48 பேருக்கு. முடி உதிர்வு 20 விழுக்காட்டினருக்கு, மறுபக்கம் 66 விழுக்காட்டினருக்கு. வாந்தியும் குறைவு. கட்டியைத் தேடிச் செல்லும் மருந்து என்று இதை அழைப்பதைவிட, இதயத்தை விட்டு விலகிச் செல்லும் மருந்து என்று அழைப்பதே நேர்மையானது என நான் கருதுவது இந்த எண்களால்தான். சினைப்பைப் புற்று மீண்டும் தலைகாட்டியவர்களிடம் கார்போபிளாட்டின் என்ற மற்றொரு கீமோ மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது, கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் இணையை விடச் சற்று நீண்ட காலம், அதாவது 9.4 மாதத்துக்குப் பதிலாக 11.3 மாதம், நோயை அடக்கி வைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதே 509 பேரின் கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் சிவந்து, எரிந்து, உரிவது சாதாரண மருந்தில் 2 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. குமிழி மருந்தில் 48 விழுக்காட்டினருக்கு வந்தது. நெடுநேரம் சுற்றுவதன் விலை அது. குமிழிகள் வியர்வையோடு வெளியேறித் தோலின் மேலடுக்கில் தங்குகின்றன என்பதும், வியர்வைச் சுரப்பிகள் நெருங்கியிருக்கும் கையும் காலும் அதனால் முதலில் அடிபடுகின்றன என்பதும் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். உராய்வும் அழுத்தமும் சூடும் இதை மிகைப்படுத்தும்.

எங்களிடம் வந்த ஒரு அம்மா பூக்கட்டுபவர். சினைப்பைப் புற்று இரண்டாம் முறை வந்திருந்தது. முதல் இரண்டு சுற்றுகள் முடியும்வரை, "தம்பி, முன்ன போட்ட மருந்துக்கு இது எவ்வளவோ தேவலை, சாப்பாடு இறங்குது" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். மூன்றாம் சுற்றுக்கு வந்தபோது கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தார். விரித்துக் காட்டச் சொன்னேன். வாழைநாரை இழுத்து முடிச்சிடும் ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் தோல் தாள் தாளாக உரிந்து, உள்ளே செக்கச் சிவந்திருந்தது. மற்ற விரல்கள் அவ்வளவாகக் கெடவில்லை. நார் உராயும் இடமெல்லாம் மருந்து தன் கணக்கை எழுதியிருந்தது. மருந்து தொடங்கும் முன் அவருக்குக் கொடுத்த அறிவுரைத் தாளில் "கை கால்களில் எரிச்சல் இருக்கலாம்" என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. அவருடைய பிழைப்பு என்னவென்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. மருத்துவர் அந்தச் சுற்றை இரண்டு வாரம் தள்ளிவைத்து, சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் என்றிருந்த அளவை 40 ஆகக் குறைத்தார். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் ஐந்து நாள் வெந்நீரில் கைவைக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம் என்று சொன்னோம். பூக்கட்டுவதை மகளிடம் ஒப்படைத்து, ஆறாம் நாளிலிருந்து பூத் தொடுக்காமல் உதிரிப்பூவாக அளந்து விற்றார். அடுத்த சுற்றில் கை ஓரளவு தாங்கியது. அதன் பிறகு, இந்த மருந்தை எழுதிய சீட்டோடு யார் வந்தாலும் முதலில் தொழிலைக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. தையல் இயந்திரம் மிதிப்பவர், வெறுங்காலோடு வயலில் நிற்பவர், பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர் ஆகியோருக்கு இந்த மருந்தின் பக்கவிளைவு என்பது வருமானத்தின் மீது விழும் அடி.

கையாளும் விதத்தைப் பொறுத்தவரை, பணியாளர்களிடம் மிகுந்த கவனத்தைக் கோரும் மருந்து இது. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஒருமுறை விநியோகஸ்தர் ஒருவர் அனுப்பிய தெர்மோகோல் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் முழுதும் உருகி, குப்பிகள் வெதுவெதுப்பாக இருந்தன. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் குமிழி உடைந்து மருந்து வெளியே கசிந்திருந்தால் கண்ணால் அறிய வழியில்லை என்பதால் அத்தனையையும் திருப்பி அனுப்பினோம். அன்று காத்திருந்த இருவருக்குச் சுற்று தள்ளிப்போனது. கலப்பதற்கு 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் மட்டுமே ஏற்றது. கை பழக்கத்தில் சலைன் பாட்டிலை எடுத்துவிடக் கூடாது. 90 மில்லிகிராம் வரை 250 மில்லிலிட்டரிலும், அதற்கு மேல் 500 மில்லிலிட்டரிலும் கலக்க வேண்டும். டிரிப் குழாயில் வடிகட்டி இருக்கக் கூடாது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஒரு மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் ஏற்ற வேண்டும். ஏனெனில் முதல் முறை ஏற்றும்போது பத்தில் ஒருவருக்கு முகம் சிவந்து, மூச்சுத் திணறி, முதுகு வலிக்கும் ஒவ்வாமை வருவதுண்டு. பெரும்பாலும் நிறுத்தினால் அடங்கும், பின்னர் மெதுவாகத் தொடரலாம். செவிலியர் அந்த முதல் கால் மணி நேரம் படுக்கையருகிலேயே நிற்க வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

விலை சாதாரண டாக்சோரூபிசினைப் போலப் பல மடங்கு. ஆயினும் இந்தியத் தயாரிப்புகள் வந்தபின் எட்டாத உயரத்தில் இல்லை. இதில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 2011 இறுதியில் அமெரிக்காவின் ஒஹாயோவில் டாக்சிலைத் தயாரித்துவந்த ஒப்பந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது, அங்குள்ள நோயாளிகள் மருந்தின்றிப் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். 2012 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு, இந்தியாவின் சன் ஃபார்மா தயாரித்த லிப்போடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. 2013 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் பொதுப்பெயர் மருந்துக்கு முறையான ஒப்புதலும் கிடைத்தது. குமிழியின் அளவும் சுவரும் சற்று மாறினாலும் உடலில் நடத்தை மாறிவிடும் என்பதால் லிப்போசோமுக்குச் சமமான நகலைத் தயாரிப்பது மாத்திரையை நகலெடுப்பது போல எளிதன்று. அதை இங்கே செய்து காட்டியதில் எனக்குப் பெருமை உண்டு.

என் மதிப்பீட்டை நேராகச் சொல்கிறேன். சினைப்பைப் புற்று திரும்பி வந்தவர்கள், ஏற்கனவே டாக்சோரூபிசின் குடும்ப மருந்தை நிறையப் பெற்றவர்கள், முதியவர்கள், எக்கோவில் இதயத்தின் வலு குறையத் தொடங்கியவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் இதைப் பரிந்துரைத்தால், கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தக்கது என்பேன். இளவயதில், வலுவான இதயத்தோடு, சில சுற்றுகளே தேவைப்படும் மார்பகப் புற்று நோயாளியின் குடும்பம் "நானோ" என்ற சொல்லுக்காகவே நகையை அடகு வைத்து இதைக் கேட்டால், முதலில் மருத்துவரிடம் சாதாரண மருந்தே போதுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். கைகால்களுக்காக அரை மதிப்பெண்ணும், யாருடைய கட்டி இதை உள்வாங்கும் என்று முன்கூட்டியே காட்டும் படமெடுப்பு இன்னும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்து சேராததற்காக ஒரு மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறேன். அந்தப் படம் வந்துவிட்டால் இந்த மதிப்புரையை நானே திருத்தி எழுதுவேன்.

மருந்து ஏற்றும் நாளில் குடும்பத்தார் தாமே சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு. டாக்சோரூபிசின், லிப்போசோமல் டாக்சோரூபிசின் என்ற இரண்டு பெயர்களும் பாதி ஒன்றாக இருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறிவிடும் ஆபத்து உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. இரண்டுக்கும் அளவும் வேறு, இடைவெளியும் வேறு. டிரிப் பையில் ஒட்டியிருக்கும் சீட்டில் நோயாளியின் பெயருக்குக் கீழே "லிப்போசோமல்" என்ற சொல் இருக்கிறதா என்று செவிலியரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதற்காக எந்த நல்ல செவிலியரும் முகம் சுளிக்க மாட்டார்.